அடி வாங்கிய எஃகு

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அம்மி நகர்வது ஒருபுறம் இருக்கட்டும். எஃகு முறிவதும் இவ்வாறுதான். பெரும் பாரம் ஒன்றை ஒரு முறை ஏற்றினால் அசையாமல் தாங்கிக்கொள்ளும் அச்சு, அதில் பாதிப் பாரம் இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகிப் போகிறது. இதனை உலோகக் களைப்பு என்கிறோம். அந்தக் களைப்பைத் தள்ளிப்போடும் மருந்தும் ஒரு வகை அடியே என்பதுதான் வியப்பு. அந்த அடியைப் பற்றி, இயற்பியல் படிக்காத நண்பர்களும் புரிந்துகொள்ளும் வகையில் எழுத முயல்கிறேன்.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் வெர்சாய் நகரிலிருந்து பாரீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ரயில் வண்டியில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த எஞ்சின் அதன்மேல் ஏறியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தீப்பற்றிக்கொண்டன. அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்கடல்களைச் சுற்றி வந்த புகழ்பெற்ற கடலோடியான துமோன் துர்வில், தம் மனைவி மகனோடு அதில் இறந்தார். உலகம் சுற்றியவரைக் கொன்றது ஓர் அச்சின் மேனியில் தோன்றிய சிறு வெடிப்பு.

முறிந்த அச்சுகளைப் பார்த்த அன்றைய பொறியாளர்கள், இரும்பு நாளடைவில் படிகமாக மாறிச் சொரசொரத்துப் போகிறது என்று நினைத்தனர். நம் ஊர்ப் பட்டறைகளிலும், "இரும்பு மணல் மணலாய்ப் போச்சு சார், அதான் ஒடிஞ்சிடுச்சு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி அன்று. எஃகு பிறக்கும்போதே படிகங்களால் ஆனதுதான். பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 1860-களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பார்த்து, முறிவை முடிவு செய்வது பாரத்தின் அளவு மட்டுமன்று, அது எத்தனை முறை மாறிமாறி வருகிறது என்பதும்தான் என்று காட்டினார். களைப்பால் முறிந்த துண்டு கிடைத்தால் அதன் முகத்தை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளிஞ்சலின் வரிகளைப் போல வளைகோடுகள் உள்நோக்கிப் பரவியிருக்கும்; அது வெடிப்பு மெல்ல மெல்ல வளர்ந்த பகுதி. மீதி சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் பிய்ந்த பகுதி.

அந்தத் தொடக்கப் புள்ளி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. வளையும் சட்டத்தில் நடுத்தளத்தில் தகைவு இல்லை. விலக விலகக் கூடி, மேற்பரப்பில் உச்சம் அடைகிறது என்பதைப் பட்ட வகுப்பு மாணவர் அறிவர். முறுக்கப்படும் தண்டிலும் இவ்வாறே. கீறல், துரு, கடைசல் உளியின் தடம் எல்லாம் இருப்பதும் மேற்பரப்பில்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வெடிப்பு வாய் திறப்பது இழுக்கும்போதுதான். அமுக்கினால் அது மூடிக்கொள்ளும். அப்படியானால், எஃகின் தோல் பகுதியை மட்டும் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டால்?

வெளியே பாரமே இல்லாதபோதும் ஒரு பொருளுக்குள் தங்கியிருக்கும் தகைவை எஞ்சிய தகைவு என்பர். இது நமக்குப் புதியதன்று. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்கள் நம் மாணவர்களில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். சற்றுச் சிறிய இரும்பு வளையத்தைக் காய்ச்சி விரியச் செய்து மரச் சக்கரத்தின்மேல் பூட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த இரும்பு இழுபட்ட நிலையிலும், மரம் அமுங்கிய நிலையிலும் நின்றுவிடும். வண்டி நகராமல் நிழலில் நின்றாலும் அந்தத் தகைவு அங்கே இருக்கும். கண்ணாடியிலும் இதனைக் காணலாம். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டால் மேல்தோல் முதலில் உறையும். உள்ளே பின்னர் சுருங்கும். தோல் அமுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தத் துளியின் தலையைச் சுத்தியலால் தட்டினாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுவதும் தூளாகும். 1661-இல் இலண்டன் ராயல் சொசைட்டியார் இதனை வைத்துக்கொண்டு வியந்தனர்.

எஃகில் இந்த அமுக்கத்தை உண்டாக்கும் ஒரு வழியே தொழிற்சாலைகளில் ஷாட் பீனிங் என அழைக்கப்படுவது. பீன் என்பது சுத்தியலின் உருண்ட பின்தலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர். ஷாட் என்பது சிறு குண்டு. தமிழில் மணியடித்தல் என்று சொல்ல ஆசைதான்; ஆனால் கல்லூரியில் அச்சொல்லைக் கேட்டவுடன் பாதி வகுப்பு எழுந்து போய்விடும். ஆகவே குறுமணித் தாக்கு என்று வைத்துக்கொள்வோம். கடுகைவிடச் சிறிய எஃகு மணிகளை மிகுந்த வேகத்தில் பொருளின் மேல் வீசி, இடம் விடாமல் அடிப்பதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மாணவர்களை ஒரு சுருள்வில் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கனத்த இரும்புக் கதவுகள் கொண்ட ஓர் அறை; உள்ளே மழை தகரக் கூரையில் கொட்டுவது போன்ற ஓசை. காற்றழுத்தத்தால் மணிகளை ஊதும் முறையும் உண்டு. அங்கே இருந்தது அலகுகள் பொருத்திய சக்கரம். அதன் விட்டம் அரை மீட்டர், நிமிடத்துக்கு 2,250 சுற்று. விளிம்பின் வேகத்தைக் கணக்கிடுங்கள் என்றேன். மாணவி ஒருத்தி நோட்டின் பின்னட்டையிலேயே கணக்கைப் போட்டு, நொடிக்கு 59 மீட்டர் என்றாள். மணி அந்த அளவிலோ சற்று மிகுதியாகவோ பறக்கிறது. 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு மணியின் நிறை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான். ஒரு கிராம் எடையுள்ள கூழாங்கல்லை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தூக்கிப் போட்டால் கிடைக்கும் ஆற்றல்! இதனால் எஃகை என்ன செய்ய முடியும் என்று தோன்றும். ஆனால் அவ்வளவும் ஊசிமுனை போன்ற பரப்பில், கண்ணிமைப்பதற்குள் பல்லாயிரம் முறை நிகழக்கூடிய அளவு குறுகிய காலத்தில் இறங்குகிறது. அந்த இடத்தில் அழுத்தம் எஃகின் மீட்சி எல்லையைத் தாண்டிவிடுகிறது.

தாண்டியபின் நடப்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிது. சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையால் தட்டினால் அது பக்கவாட்டில் பரவுகிறது. மணி விழுந்த இடத்திலும் எஃகின் தோல் அவ்வாறு பரவ முயல்கிறது, நிலையாகவே நீண்டுவிடுகிறது. ஆனால் தோலுக்குக் கீழே உள்ள எஃகு மீட்சி எல்லைக்குள்தான் விரிந்தது. மணி எகிறியதும் அது பழைய அளவுக்குத் திரும்பிவிட விரும்புகிறது. மேலே உள்ளதோ நீண்டுவிட்டது. கீழே உள்ளதோ இடம் தர மறுக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படித் தோல் நெருக்குண்டு கிடக்கிறது. ஒரு குழியால் அன்று; குழிமேல் குழியாகப் பரப்பு முழுவதும் நிரம்பும்போது, ஏறக்குறைய 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் ஆழம் வரை அமுக்கத் தகைவு படலமாகப் பரவிவிடுகிறது.

இதனை நம் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகடு, 12 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம் போதும். பட்டடையின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரு பக்கம் முழுவதும் மெதுவாக, நெருக்கமாகத் தட்டுங்கள். தட்டிய பக்கம் குழிந்து வளையும் என்றே பலரும் எதிர்பார்ப்பார்கள். மாறாகத் தட்டிய பக்கம் புடைத்து எழும். நீண்ட தோலுக்கு இடம் வேண்டுமல்லவா? அடிபடாத அடிப்பக்கத்தில் கோளமானியை வைத்தால் குழிவின் அளவே கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் ஆல்மென் இந்தப் புடைப்பையே அளவுகோலாக்கினார். 1944-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 76 மில்லிமீட்டர் நீளம், 19 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுப் பட்டைகளை ஒரு கட்டையில் திருகி, ஒரு முகத்தில் மட்டும் மணிகள் படச் செய்து, கழற்றியவுடன் எவ்வளவு வளைந்தது என்று அளப்பார்கள். நேரம் கூடக்கூட வளைவு கூடும்; பிறகு அடங்கும். நேரத்தை இரட்டித்தும் வளைவு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடவில்லையானால் நிறைவு எய்திவிட்டது என்பது கணக்கு. கோளமானிக்குத் தம்பி முறையாகக்கூடிய ஒரு கருவியும், ஒரு சிறு எஃகுப் பட்டையும் இன்றளவும் விமானத் தொழில் வரை இந்த வேலைக்குக் காவலாக நிற்கின்றன.

குறுமணித் தாக்கின் பயன் தெரிந்த விதமும் சுவையானது. 1927-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஹெர்பர்ட் என்பவர் எஃகுக் குண்டுகளை மழைபோல் பொழியவிட்டுப் பரப்பைக் கடினமாக்கும் முறையை வெளியிட்டு, அதற்கு மேகவெடிப்பு என்று பெயர் வைத்தார். அமெரிக்க மோட்டார்த் தொழிலில், உலையில் படிந்த செதிளைப் போக்க மணி வீசிச் சுத்தம் செய்த வால்வுச் சுருள்வில்கள் நெடுநாள் உழைப்பது 1930-களில் கவனத்துக்கு வந்தது. குளிர்ந்த நிலையில் அடித்ததால் எஃகு கடினமாகிவிட்டது, அதனால் உழைக்கிறது என்று பலர் விளக்கம் சொன்னார்கள். ஆல்மென் இதனை ஏற்கவில்லை. அமுக்கத் தகைவே முதன்மைக் காரணம் என்று வாதாடினார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நானும் கருதுகிறேன். இதற்கு நல்ல சான்று, ஏற்கெனவே கடினமாக்கப்பட்ட எஃகுதான். மெல்லிய எஃகு அடிபட்டால் கடினமாகும். தோய்ச்சல் போட்ட பல்சக்கரமோ கடினத்தின் உச்சியில் நிற்கிறது. அடித்து அதனை மேலும் கடினமாக்க அதிகம் இடமில்லை. ஆயினும் அதன் ஆயுள் கூடுகிறதே!

இங்கே தோய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது, எஃகு மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்புக்கு மாறுகிறது. மாறும்போது சிறிது உப்பவும் செய்கிறது. முழுதும் ஒரே கார்பன் அளவுள்ள கனத்த பொருளைத் தோய்த்தால் தோல் முதலில் குளிர்ந்து, உப்பி, இறுகிவிடும். உட்பகுதி தாமதமாக மாறி உப்பும்போது, இறுகிப்போன தோல் இழுபடுகிறது. தோய்த்த பொருள் சில வேளைகளில் தானாகவே வெடித்துவிடுவது இதனால்தான். மோட்டார் வண்டிப் பல்சக்கரங்களில் வேறு வழி கையாள்கிறார்கள். குறைந்த கார்பன் உள்ள எஃகைக் கார்பன் நிறைந்த சூழலில் 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்துத் தோலில் மட்டும் கார்பன் ஏற்றுவார்கள். கார்பன் மிகுந்தால் மார்ட்டன்சைட் பிறக்கும் வெப்பநிலை இறங்கும். ஆகவே உள்ளே 400 டிகிரியை ஒட்டியே மாற்றம் தொடங்கிவிட, தோல் 200 டிகிரிக்கு அருகில் கடைசியாக மாறுகிறது. கடைசியாக உப்புவதற்கு இடமில்லை, நெருக்குண்டு நிற்கிறது. இங்கே தோய்ச்சலே அமுக்கத்தை இலவசமாகத் தந்துவிடுகிறது.

பிறகு சாணைக்கல் வருகிறது! அளவைச் சரிசெய்யவும் பளபளப்பாக்கவும் சாணை பிடிக்கும்போது தோலின் மிக மெல்லிய பகுதி கடுமையாகச் சூடாகி, உடனே குளிர்கிறது. சூட்டில் விரிய முயன்று முடியாமல் நசுங்கிய அப்பகுதி, குளிரும்போது சுருங்க முயன்று இழுபட்டு நிற்கிறது. கவனமின்றிச் சாணை பிடித்த பல்சக்கரம் கண்ணாடிபோல் மின்னும். அதன் மேனியில் இழுவிசைத் தகைவு காத்துக்கொண்டிருக்கும். மணிகள் அடித்த பரப்போ மங்கிய சாம்பல் நிறத்தில், அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாங்குபவர் கை எதை நோக்கிப் போகும் என்பது தெரிந்ததே. வண்டியில் நெடுநாள் உழைப்பது பெரும்பாலும் மற்றதுதான்.

கடின எஃகை அடிக்கும் மணியும் கடினமாக இருக்க வேண்டும். மணி மெத்தென்றிருந்தால் அது நசுங்குமே தவிர எஃகில் பதியாது; கிடைக்கும் அமுக்கம் வெகுவாகக் குறையும். கடின மணிகளால் முறையாக அடித்தால், கார்பன் ஏற்றிய பல்சக்கரத் தோலில் அமுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டனையும் தாண்டும். தோலில் மாறாமல் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆஸ்டினைட்டும் அடியின்போது மார்ட்டன்சைட்டாக மாறி உப்புவதால் நெருக்கம் இன்னும் கூடுகிறது. பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பல்லின் அடிவாரத்தில் பாரத்தால் 600 நியூட்டன் இழுவிசைத் தகைவு வருவதாகவும், அங்கே ஏற்கெனவே 800 நியூட்டன் அமுக்கம் இருப்பதாகவும் கொள்வோம். கூட்டினால் 200 நியூட்டன் அமுக்கமே எஞ்சும். முழுப் பாரத்திலும் தோல் இழுவையையே காணவில்லை. கீறல் இருந்தாலும் வாய் திறக்க வழியில்லை.

லாரி, பேருந்துகளின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளில் இக்கலை இன்னும் நுட்பமாகிறது. பட்டை, இரு முனையும் மேலே தூக்கிய வளைவாக இருக்கிறது. பாரம் ஏறும்போது அது நிமிர்கிறது. அப்போது இழுபடுவது மேல்முகம். எனவே மேல்முகத்தை அடித்தால் போதும். ஆனால் நம் பித்தளைத் தகட்டில் கண்டதுபோல், அடிபட்ட முகம் புடைக்க முயலும்; பட்டையின் வளைவு குறைந்துபோகும். அதற்காகவே முன்கூட்டிச் சற்று அதிகமாக வளைத்து வைக்கிறார்கள். பட்டையைப் பாரம் ஏறியதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அடிக்கும் முறையும் உண்டு. இழுபட்ட நிலையில் அடிவாங்கிய தோல், பிடியை விட்டவுடன் இன்னும் கூடுதலாக அமுங்கிவிடுகிறது. யாருக்கு முதலில் இந்த யோசனை தோன்றியதோ, அவரைக் கைகூப்ப வேண்டும்.

எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை. தோலில் உள்ள அமுக்கத்துக்கு ஈடாக உள்ளே எங்கேனும் இழுவிசை இருந்தே தீரும்; விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியம் ஆக வேண்டுமே. பொருள் கனமாக இருந்தால் அது பரந்து மெலிந்துவிடும். மிக மெல்லிய பொருளில் தொல்லை தரும். தோல் வலுவானபின் வெடிப்பு சில வேளை தோலுக்குக் கீழே தொடங்குவதும் உண்டு. அளவுக்கு மிஞ்சி அடித்தால் தோலே உரிந்து மடிந்து புதிய வெடிப்புகள் உண்டாகும். உடைந்து கூர்மையான மணிகளைச் சலித்து அகற்றாமல் பயன்படுத்தினால், ஒவ்வொன்றும் ஓர் உளியாகிவிடும். எஃகை ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் நகர்ந்து இடம் தேடிக்கொள்ள, சேர்த்துவைத்த அமுக்கம் தளர்ந்து கரையத் தொடங்கும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து மடங்கு பெருக்கும் லென்சில் குழிகள் பரப்பை மூடியிருக்கின்றனவா என்று பார்க்கலாம்; தகைவைப் பார்க்க முடியாது. அதற்கு எக்ஸ் கதிர்கள் வேண்டும். நம் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பிராக் விதிக்கு இங்கே வேலை வருகிறது. குரோமியத்தின் எக்ஸ் கதிர் எஃகில் ஒரு குறிப்பிட்ட படிகத் தளத்தொகுதியால் ஏறக்குறைய 156 டிகிரிக் கோணம் திரும்புகிறது. பரப்புக்கு இணையாகத் தோல் நெருக்குண்டால், பரப்புக்கு இணையான தளங்களின் இடைவெளி விரியும். 700 நியூட்டன் அமுக்கத்துக்கு அந்த விரிவு ஆயிரத்தில் இரண்டு பங்குதான். ஆயினும் கோணம் நகர்வதை அளந்துவிடலாம். இக்கதிர் சில மைக்ரான் ஆழமே புகும். ஆழத்தில் உள்ளதை அறிய, மின்பகுப்பால் படலம் படலமாகக் கரைத்துக் கரைத்து மீண்டும் அளக்கிறார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளுக்கு எக்ஸ் கதிர் வராது. எனக்குக் கவலை அங்கேதான். ஒருமுறை ஒரு பட்டறையில், உடைந்த ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டி, சாணையில் வழித்து, கறுப்பு வர்ணம் பூசுவதைப் பார்த்தேன். வேலை மிகச் சுத்தம். ஒட்டின இடமே தெரியவில்லை. "தம்பி, இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டேன். "லோடு கம்மியா ஏத்தினா ஓடும் சார். புதுப் பட்டை விலை தெரியுமா?" என்றார். விலை எனக்குத் தெரியும்; அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் தோய்ச்சலும் போயிற்று, மணிகள் அடித்துச் சேர்த்த அமுக்கமும் போயிற்று. குளிர்ந்த ஒட்டில் இழுவிசைத் தகைவு வந்து உட்கார்ந்துகொண்டது. மேல்முகத்தைச் சாணையில் வழித்தபோது, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் காவல் படலத்தின் மிச்சமும் தூளாகப் பறந்தது. இதனை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, ஓட்டுநரைக் கூப்பிட்டு, "அண்ணே, இத வெச்சுக்கிட்டு மலைப்பாதையில ஏறாதீங்க. ஊருக்குப் போனதும் புதுசு போட்டுருங்க" என்றார். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.